கட்டைவிரல் போட்டவள்

ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த வாய்ஸைக் கேட்டுட்டுத்தான் கட்டைவெரல் போட்டீங்களா?

இல்லீங்க, எட்டியெல்லாம் பாக்கல. ரெண்டு பேர் உக்கார்ற சீட்டு, கண்ணுல படத்தானே செய்யும். மெசேஜ் வந்துச்சு, பாத்தீங்க, கட்டைவெரலைத் தட்டுனீங்க, பைக்குள்ள வெச்சுட்டீங்க. காதுகிட்டக் கொண்டுபோன மாதிரியே தெரியல. யாருங்க, தங்கச்சியா? சரி சரி. தங்கச்சி பேசுனா கால் மணி நேரம் பேசும், பஸ்ஸுல எப்படிக் கேக்கறது. நாயமான பேச்சுதான். நானும் அதையேதான் சொல்லிட்டிருந்தேன்.

இந்த டப்பா உங்க மேல இடிக்குதுங்களா? இருங்க, மடியில வெச்சுக்கறேன். பொறந்த நாள் கேக்குங்க. திருப்பூர்ல இருந்து பிடிச்சுட்டு வர்றேன், உருகாம போய்ச் சேரோணும். நான் குண்டடத்துல எறங்கறேன். சொந்தக்காரங்க யாரும் அங்க இல்ல. ஒரு புள்ளையப் பாக்கப் போறேன். பன்னெண்டு முடிஞ்ச புள்ள. மூஞ்சிகூட எனக்குச் சரியா ஞாபகம் இல்ல, அதுதான் கூத்து.

உங்க புள்ளை எத்தனாவது படிக்குதுங்க? ஏழாவதா? அட, அப்படின்னா உங்ககிட்டச் சொல்லலாம். மத்தவங்களுக்குச் சொன்னா, ஒரு வாட்ஸ்ஆப்புக்குப் போயி இப்படியான்னு சிரிப்பாங்க.

எம்பேரு ரேணுகாதேவிங்க. எங்க ஊட்டுக்காரருக்கு நூல் யாவாரம். ஒரே பொண்ணு, சம்யுக்தா. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஆறாவதுக்குப் பெரிய ஸ்கூல்ல சேத்துனோம். பேரு வேண்டாம், திருப்பூர்ல நல்ல பேரு எடுத்த ஸ்கூலு. அஞ்சாவது வரைக்கும் ஒரே மிஸ்ஸு, ஒரே ரூமு. ஆறாவது போனா ஏழு டீச்சரு, ஏழு நோட்டு, எந்த வீட்டுப்பாடம் எந்த நாளைக்குன்னு புள்ளைக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. சம்யு மொத மாசம் பூரா காலைல எந்திரிச்சா வயிறு வலிக்குதுன்னு அழுவா. டாக்டரு ஒண்ணுமில்லைன்னாரு. எனக்கு யாரைக் கேக்கறதுன்னே தெரியல. ஸ்கூல் கேட்டுகிட்ட நின்னு ஒவ்வொரு அம்மா மூஞ்சியா பாப்பேன். இவங்க புள்ளைக்கும் இப்படி இருக்குமா, இவங்ககிட்டக் கேக்கலாமான்னு. ஒருத்தரும் நின்னு பேச மாட்டாங்க. எல்லாரும் வண்டியத் திருப்பிட்டுப் போயிருவாங்க.

அப்பத்தானுங்க நானே குரூப் ஆரம்பிச்சேன். மொதல்ல ஒன்பது அம்மாக்கள். இப்ப நாப்பத்தி மூணு வீடு. 'நம்ம பி செக்‌ஷன் குடும்பம்'னு பேரு. எனக்கு நடந்த மாதிரி இன்னொரு அம்மா ஒத்தையா நிக்கக் கூடாது, அதுக்குத்தான் ஆரம்பிச்சேன். இதை மட்டும் நீங்க நம்போணும். நெசமா அதுக்குத்தான்.

நல்லாத்தான் நடந்துச்சு. வீட்டுப்பாடம் போடுவோம், பஸ் லேட்டுன்னா சொல்லுவோம், ஒரு புள்ளைக்குக் காய்ச்சல்னா நாலு பேரு நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்புவாங்க. குழந்தைகளுக்கான உதவி நம்பரு, மனநல ஆலோசகர் நம்பரு எல்லாம் மேல ஒட்டி வெச்சிருந்தேன். பெற்றோர் கூட்டத்துல எச்.எம். மேடமே, மத்த செக்‌ஷன்காரங்க பி செக்‌ஷனைப் பாத்துக் கத்துக்கோங்கன்னு சொன்னாங்க. நான் அன்னிக்குக் கட்டியிருந்த சேலை வரைக்கும் ஞாபகம் இருக்குது.

ஆனா குரூப்புன்னா சட்டதிட்டம் வேணுமுங்களே. ஆளாளுக்குக் காலை வணக்கம் பூவு, சாமி படம், மருத்துவக் குறிப்பு. ஒரு நாளைக்கு எரநூறு மெசேஜ். அதனால நான் ஏழு விதி போட்டேன். அதுல அஞ்சாவது விதி, வாய்ஸ் மெசேஜ் ஒரு நிமிசத்துக்கு மேல கூடாது, ஸ்கூல் விசயம் தவிர சொந்தக் கதை கூடாது. ஒரு அப்பா கட்சிப் படமாப் போட்டுட்டே இருந்தாரு, ரெண்டு தடவை சொன்னேன், மூணாவது தடவை எடுத்துட்டேன். எடுத்துட்டு மரியாதையா ஒரு வரி போட்டேன். 'குழுவின் நலன் கருதி இந்த எண் நீக்கப்படுகிறது. அன்புடன், அட்மின்.' எல்லாரும் கைதட்டல் போட்டாங்க.

அந்த வரியை ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஏழாவதுல புதுசா ஒரு புள்ள வந்து சேந்துச்சு. இலக்கியா. அதோட அம்மா பேரு செல்வநாயகி. பனியன் கம்பெனில ஓவர்லாக் மிஷின் ஓட்டறா. புருசன் இல்ல, என்ன ஏதுன்னு நான் கேட்டதில்ல. கஷ்டப்பட்டுத்தான் இந்த ஸ்கூல்ல சேத்திருக்கோணும். அவளுக்கு டைப் அடிக்க வராதுங்க. எதுன்னாலும் வாய்ஸ்தான். மத்தியானம் சாப்பாட்டு டைம்ல, இல்லைன்னா டீ டைம்ல பேசி அனுப்புவா. பின்னாடி மிஷின் சத்தம் டர்ர்ருன்னு ஓடும். அதுக்கு நடுவுல 'அக்கா, நாளைக்கு என்னுங்க்கா பரிச்சை'ன்னு கத்துவா. மூணு நிமிசம், நாலு நிமிசம். கேள்வி ஒரு வரிதான் இருக்கும், மிச்சமெல்லாம் மன்னிப்பு. தொந்தரவு பண்றனுங்க, கோவிச்சுக்காதீங்க, எனக்கு யாருமில்லீங்க கேக்கறதுக்கு. இப்படியே.

அந்தப் புள்ளைக்குப் போனும் கெடையாது. அம்மா வேலை முடிஞ்சு வந்தாத்தான் போனு. எல்லாரும் வீட்டுப்பாடம் பேசி முடிச்சு, சந்தேகம் தீந்து, குரூப்பே ஓஞ்ச பொறகு வந்து மறுபடியும் மொதல்ல இருந்து கேக்கும்.

நான் திட்டலைங்க. ஒரு நாள்கூட ஒரு வார்த்தை திட்டுனதில்ல. எது வந்தாலும் ஒரு கட்டைவெரல். அதுதான் மரியாதைன்னு நெனச்சேன். அவ அனுப்புவா, நான் கட்டைவெரல் போடுவேன். அவளுக்கும் திருப்தி, எனக்கும் வேலை முடிஞ்சுது. கேட்டனான்னு கேட்டா, மொத ரெண்டு மூணு கேட்டேன். பொறகு கேக்கல.

இன்னொண்ணு சொல்லோணும். சொல்லாம உட்டா இத்தனை தூரம் பேசுனதுக்கு அர்த்தமில்ல. ஒரு நாளு ஊட்டுல சாப்பிடறப்ப நான் அவளை மாதிரி பேசிக் காமிச்சேன். மிஷின் சத்தத்தோட. டர்ர்ர், அக்கா, டர்ர்ர், கோவிச்சுக்காதீங்க்கா. எங்க ஊட்டுக்காரரு சிரிச்சாரு, சம்யு பொரை ஏற ஏறச் சிரிச்சா. ஊட்டுக்குள்ள சும்மா பண்ணதுங்க. எல்லா ஊட்டுலயும் யாரையாச்சும் பண்ணிக்காட்டிச் சிரிக்கறதுதானே. நீங்க பண்ணதில்லையா?

சரி. விசயத்துக்கு வர்றேன்.

போன நவம்பர்ல ஒரு செவ்வாக்கெழமை. குரூப்புல இல்லீங்க, எனக்குத் தனியா ஒரு வாய்ஸ் அனுப்புனா. மூணு நிமிசம் நாப்பத்தோரு செகண்டு. நான் அன்னிக்குத் தலை கால் தெரியாம ஓடிட்டிருந்தேன். எதுக்குன்னு கேளுங்க. அந்த சனிக்கெழமை குரூப்புக்காக ஒரு ஆன்லைன் கூட்டம் ஏற்பாடு பண்ணியிருந்தேன். கோயமுத்தூர்ல இருந்து ஒரு ஆலோசகர் அம்மா பேசறாங்க. 'வளரும் பிள்ளைகளின் மனதைப் புரிந்துகொள்வோம்'. நாந்தான் தலைப்பு வெச்சேன். லிங்க் அனுப்பறது, யாரு யாரு வர்றாங்கன்னு பேர் வாங்கறது, அதுக்கு நடுவுல இவ வாய்ஸு. பாத்தேன், மூணு நாப்பத்தி ஒண்ணுன்னு இருந்துச்சு, ஒரு கட்டைவெரல் தட்டிட்டு அடுத்த வேலையப் பாக்கப் போயிட்டேன்.

கூட்டம் சனிக்கெழமை சாயந்தரம் நாலு மணிக்கு. முப்பத்தியோரு வீடு வந்துச்சுங்க. அந்த அம்மா அருமையாப் பேசுனாங்க. ஒரு புள்ளை ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு சொன்னா திட்டாதீங்க, பயம் எங்க இருக்குதுன்னு மொதல்ல காது குடுத்துக் கேளுங்கன்னாங்க. நாந்தான் நன்றி சொன்னேன். அஞ்சேகாலுக்கு, அவங்க பேசுனதையெல்லாம் பத்து குறிப்பா எழுதி குரூப்புல போட்டேன். காது குடுத்துக் கேளுங்கங்கறது மொதக் குறிப்பு. அது செல்வநாயகி போனுக்கும் போய் விழுந்திருக்கும்ல. இப்ப நெனச்சா உடம்பு கூசுதுங்க.

திங்கக்கெழமை மத்தியானம் குரூப்புல ஒரு வாய்ஸ் வந்துச்சு. நாலு நிமிசத்துக்கு மேல. கூட்டத்தைப் பத்தி எல்லாரும் நல்ல வார்த்தை சொல்லிட்டிருக்கற நேரம். எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. எத்தனை தடவை சொல்றது, அஞ்சாவது விதின்னு ஒண்ணு எதுக்கு இருக்குது? கேக்கவே இல்ல. எல்லாருக்கும் அழிக்கற அதிகாரம் அட்மினுக்கு உண்டுங்களே. அழிச்சேன். அவ நம்பரையும் எடுத்தேன். அந்த வரியை எடுத்துப் போட்டேன். குழுவின் நலன் கருதி. அன்புடன், அட்மின்.

அவ தனியா ஒண்ணும் அனுப்பல. சண்டைக்கும் வரல. நானும் மறந்துட்டேன்.

சனவரில விமலா மிஸ், அவங்கதான் கிளாஸ் டீச்சரு, இலக்கியா டி.சி. வாங்கிட்டுப் போயிருச்சுன்னாங்க. அப்படிங்களா மிஸ், லிஸ்ட்டுல பேரை எடுத்தர்றேன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

சித்தே தண்ணி குடிச்சுக்கறேன். கொடுவாய் தாண்டிருச்சுங்களா? சரி, இன்னும் நேரம் இருக்குது.

மார்ச்சுல ஆண்டு விழா. என்னை மேடைக்குக் கூப்பிட்டு ஷீல்டு குடுத்தாங்க. சிறந்த பெற்றோர் ஒத்துழைப்புக்கு. எங்க ஊட்டுக்காரரு என் போன்லயே போட்டோ எடுக்கறாரு, விழல. இடம் இல்லைன்னு சொல்லுது போனு. மறுநாள் காலைல சம்யு ஸ்கூலுக்குப் போன பொறகு உக்காந்து பழசையெல்லாம் அழிச்சுட்டே வர்றேன். செல்வநாயகி பேருல வந்து நின்னுச்சு. மூணு நாப்பத்தி ஒண்ணு. அழிக்கறதுக்கு அமுக்குனது தப்பா ஓடிருச்சுங்க. நிறுத்தலாம்னு வெரலைக் கொண்டுபோனேன், இலக்கியான்னு பேரு வந்துச்சு, நிறுத்தல.

எனக்கு இப்ப மனப்பாடமா இருக்குது. சொல்லட்டுங்களா?

"அக்கா, நான் இலக்கியா அம்மா பேசறனுங்க. சாப்பாட்டு டைமுங்க, அதான். புள்ள பதினோரு நாளா ஸ்கூலுக்குப் போகமாட்டேங்குதுங்க. காலைல எந்திரிச்சா வயிறு வலிக்குதுங்குது. நான் கம்பெனிக்குப் போயிட்டா ஒத்தையா ஊட்டுல கெடக்குது. எதோ புள்ளைக குரூப்புல இருந்து எடுத்துட்டாங்களாம், கிளாஸ்ல யாரும் பேசறதில்லையாம். மிஸ்ஸுகிட்டச் சொல்லாதம்மான்னு அழுகுது. உங்க பாப்பா மேல அதுக்கு ரொம்ப இஷ்டமுங்க. சம்யு நல்லா எழுதுவா, சம்யு நல்லாப் பாடுவான்னு சொல்லிட்டே இருக்கும். வர்ற சனிக்கெழமை அதுக்குப் பொறந்த நாளுங்க. உங்க பாப்பாவும் இன்னும் ரெண்டு புள்ளைகளும் நாலு மணிக்கு வந்து சித்தே உக்காந்துட்டுப் போனா, திங்கக்கெழமை அது தானாக் கெளம்பிருமுங்க. கட்டாயமில்லீங்க்கா. வர முடியும்னா ஒரு கட்டைவெரல் போட்டு உடுங்க, நான் அதுகிட்டச் சொல்லிக்கறேன். முடியாதுன்னா ஒண்ணும் போட வேண்டாம். நான் சொல்லாமயே உட்டர்றேன்."

பொறகு அட்ரஸ். நால் ரோட்டுல இருந்து எப்படி வரோணும், எந்தக் கடை பக்கத்துல திரும்போணும், லைன் வீட்டுல மூணாவது கதவுன்னு ரெண்டு தடவை சொல்றா. அதுக்குக் கீழ என் கட்டைவெரல். பன்னெண்டு அம்பத்தி ரெண்டுக்கு அவ அனுப்பியிருக்கா, பன்னெண்டு அம்பத்தி மூணுக்கு நான் போட்டிருக்கேன். மூணே முக்கா நிமிசத்தை ஒரு நிமிசத்துல யாரு கேக்க முடியும்? அதைக்கூட அவ பாக்கலைங்க. நம்பிட்டா.

ஒண்ணும் போடாம இருந்திருந்தா போதும். அதுதானுங்க என்னைக் கொல்லுது. ஒண்ணுமே பண்ணாம இருந்திருந்தா அந்தப் புள்ளைகிட்டச் சொல்லியே இருக்க மாட்டா.

அப்பவே அந்த லைன் வீட்டுக்குப் போனேன். அவ சொன்ன வழியிலயே போனேன், நேராக் கொண்டுபோய் விட்டுருச்சு. மூணாவது கதவு பூட்டியிருந்துச்சு. பக்கத்து வீட்டுல துணி மடிச்சுட்டிருந்த அம்மாதான், காலி பண்ணிட்டு அவங்கம்மா ஊட்டுக்கே போயிட்டாங்க, குண்டடத்துலன்னு வழியும் சொன்னாங்க. நான் அந்தப் பொறந்த நாளைப் பத்திக் கேட்டேன். எதுக்குக் கேட்டேன்னு தெரியல, கேட்டுட்டேன். மூணு மணிக்கே புதுத்துணி போட்டுட்டு வாசப்படில உக்காந்துச்சாம். அட்மின் ஆன்ட்டி வர்றாங்க, சம்யு வர்றான்னு லைன்ல இருக்கற எல்லார்கிட்டயும் சொல்லுச்சாம். வண்டிச் சத்தம் கேட்டா எந்திரிச்சு ரோட்டுக்குப் போய்ப் பாக்குமாம். ஏழு மணிக்கு லைன்ல இருக்கற பொடுசுகளைக் கூப்பிட்டு வெச்சு கேக்கை வெட்டுனாங்களாம். அந்தம்மா என்னைப் பாத்து, நீங்க யாருங்கன்னு கேட்டாங்க.

ஸ்கூல்ல இருந்து வர்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

குரூப்புல நான் அழிச்சேன்ல, அந்தத் திங்கக்கெழமை வாய்ஸு. அதை கீதப்ரியான்னு ஒரு அம்மா, நான் அழிக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் கேட்டிருக்காங்க. அதுல என்னைக் குத்தித்தான் பேசியிருப்பான்னு நெனச்சுட்டிருந்தேன். போன் போட்டுக் கேட்டேன். அவங்க யோசிச்சுட்டு, திட்டுன மாதிரி இல்லீங்களே, எதோ அட்ரஸ் கேட்டாங்க, 'நான் அட்ரஸைத் தப்பாச் சொல்லிட்டனுங்களா, யாராச்சும் வழி தெரியாமத் திரும்பிப் போயிட்டீங்களா'ன்னு கேட்டாங்கன்னாங்க. தப்பு அவளுதா இருக்குமோன்னு கேட்டிருக்கா, நாப்பத்தி மூணு வீட்டுகிட்ட.

அன்னிக்குச் சாயந்தரம் சம்யுகிட்டக் கேட்டேன். இலக்கியாவ எந்தக் குரூப்புல இருந்து யாரு எடுத்தான்னு. புள்ளைகளுக்குள்ள ஒரு குரூப் வெச்சிருக்காங்க, எங்க பழைய போன்ல. அவதான் அட்மின். எடுத்துக் காட்டுடின்னேன். மேல தள்ளிட்டே போனா. அக்டோபர்ல இருந்துச்சு. 'குழுவின் நலன் கருதி இந்த எண் நீக்கப்படுகிறது. அன்புடன், அட்மின்.' ஒரு எழுத்து மாறலைங்க. கீழ பதினாலு கைதட்டல்.

எதுக்குடி எடுத்தேன்னு கேட்டா, இலக்கியா அவங்கம்மா நம்பர்லதான் இருந்தா, அவங்கம்மா தெரியாம எங்க குரூப்புல வாய்ஸ் போட்டுட்டாங்க, எல்லாரும் சிரிச்சாங்க, கிளாஸ்ல மிஷின் சத்தம் போட்டுக் கூப்பிட ஆரம்பிச்சாங்க, அவ அழுதுட்டே இருந்தா, ஜாலியா இல்ல, அதனால எடுத்துட்டேன்னு சொல்றா. மிஷின் சத்தம் யாரு மொதல்ல போட்டதுன்னு கேட்டேன். என்னையே பாத்தா.

"நீங்கதானம்மா செஞ்சு காட்டுனீங்க. நான் கிளாஸ்ல செஞ்சேன்."

கையை ஓங்கிட்டேங்க. அடிக்கல. எந்த முகத்தை வெச்சுட்டு அடிக்கறது? சின்னப் புள்ளைங்க அவ. பாத்ததைச் செஞ்சிருக்கா, அவளைக் குத்தம் சொல்லி என்ன பண்ண. புதுசா ஒரு விசயம் வேற அவதான் சொல்லிக் குடுத்தா. வாய்ஸ் அனுப்புனா பக்கத்துல சின்னதா ஒரு மைக்கு இருக்குதுல்ல, அவங்க அதைக் கேட்டாத்தான் மைக்கு நீலமாகுமாம். இத்தனை வருசம் அட்மினா இருக்கறேன், எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?

விமலா மிஸ்ஸப் போய்ப் பாத்தேன். அந்தப் புள்ள இப்ப எந்த ஸ்கூல்ல படிக்குதுன்னு கேட்டேன். மிஸ் கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்தாங்க. டி.சி. வாங்குன புள்ளைக பேரு, அடுத்த ஸ்கூல்ல சேர்ற வரைக்கும் பொதுவா ஒரு இடத்துல இருக்குமாம் அரசாங்கக் கணக்குல. அங்கயேதான் இன்னும் இருக்குது, எந்த ஸ்கூலும் எடுக்கலைன்னாங்க. சனவரி, பிப்ரவரி, மார்ச்சு. மூணு மாசமா அந்தப் புள்ள எந்த ஸ்கூலுக்கும் போகல. சூன்ல சேத்தலைன்னா, இத்தோட நின்னே போனாலும் போயிரும்னு மிஸ் சொன்னாங்க. பனியன் கம்பெனில வேலைக்கு வெச்சுக்க வயசு பத்தாது, ஆனா யாரு வயசப் பாக்கறா.

அதனாலதான் கெளம்பிட்டேன். எச்.எம். மேடத்துகிட்டப் பேசிட்டேன், எட்டாவதுல சேத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க. ஏ செக்‌ஷன்ல கேட்டிருக்கேன். பி வேண்டாமுங்க.

செல்வநாயகியைக் குரூப்புல மறுபடியும் சேத்துப் பாத்தேன். அடுத்த நிமிசமே வெளியேறிட்டா. போன் போட்டேன், எடுக்கல. அப்பத்தான் நானே வாய்ஸ் அனுப்புனேன். வாழ்க்கைல அவ்வளவு நீளமா நான் பேசி அனுப்புனதில்ல. அஞ்சு நிமிசம். அஞ்சாவது விதி போட்டவ அஞ்சு நிமிசம் பேசறேன், பாத்துக்கோங்க. உன் வாய்ஸை நான் கேக்காமயே போட்டுட்டேன் செல்வநாயகி, சாகற வரைக்கும் இது எனக்கு ஆறாதுன்னேன். மிஷின் சத்தத்தையும் சொன்னேன். சனிக்கெழமை நாலு மணிக்கு வந்து புள்ளையப் பாக்கறேன், வரலாமான்னு கேட்டேன்.

ரெண்டு நாளா ஒண்ணுமில்ல. நேத்து மத்தியானம் வந்துச்சு. இருங்க, காட்டறேன். இங்க பாருங்க.

கட்டைவெரல். அவ்வளவுதான். மேல மைக்கைப் பாருங்க. நீலமாவா இருக்குது? எனக்குச் சாம்பலாத்தான் தெரியுது. வெயில்ல சரியாத் தெரியலையோ என்னமோ. நீங்க பாருங்க, கண்ணாடி போட்டிருக்கீங்க.

சாம்பலுதானுங்களா? சரி.

என்னுங்க? பாப்பாவா? இல்லீங்க, சம்யுவைக் கூட்டிட்டு வரல. கேட்டேன். ட்யூஷன் இருக்குதும்மா, நான் எதுக்குன்னா. சரி, கூச்சப்படறா, எதுக்குக் கட்டாயப்படுத்தறதுன்னு நாந்தான் உட்டுட்டேன். நாம பெரியவங்க பேசித் தீத்துட்டா முடிஞ்சுது, புள்ளைக மறந்துரும்னு...

இருங்க. நீங்க கேக்கறது எனக்குப் புரியுது. அவ கூப்புட்டது சம்யுவை. என்னையில்ல. அந்தப் புள்ள வாசல்ல உக்காந்தது சம்யுவுக்காக. நான் மூணு நாப்பத்தி ஒண்ணை எத்தனை தடவை கேட்டிருப்பேன், மனப்பாடம்னு வேற உங்ககிட்டப் பெருமையடிச்சேன். இதைக் கேக்காமயே உட்டிருக்கேன் பாருங்க.

இனி என்ன பண்றது? திரும்பிப் போயி அவளை இழுத்துட்டு வந்தா ஆறு மணி ஆயிரும். நாலு மணின்னு சொல்லியிருக்கேன். இந்த ஒரு தடவையாச்சும் நாலு மணின்னா நாலு மணிக்கு அங்க நிக்கோணும். அடுத்த சனிக்கெழமை அவளைக் கூட்டிட்டு வர்றேன். வரமாட்டேன்னாலும் கூட்டிட்டு வருவேன். இப்ப என்னைத் திட்டறதுன்னா அவங்க திட்டட்டும்.

குண்டடம் வந்துருச்சுங்களா? அந்த டப்பாவைச் சித்தே பிடிங்க, பையை மாட்டிக்கறேன். கேக்குல பேரு மட்டும்தான் எழுதச் சொன்னேன். அஞ்சு மாசம் கழிச்சுக் கொண்டுபோயி ஹேப்பி பர்த்டேன்னா நல்லாவா இருக்கும். கடைக்காரப் பையன், வேற எதாச்சும் எழுதட்டுங்களான்னு கேட்டான். பேரே போதும்னுட்டேன்.

கண்டக்டரு, எறங்கோணும், சித்தே நிறுத்துங்க.

பயமாத்தானுங்க இருக்குது. கேக்காமயே போட்டிருக்கான்னு தெரியுது. கதவு பூட்டிக் கெடக்கலாம். கெடந்தா வாசல்ல உக்காந்துக்கறேன். ஆனா கட்டைவெரல் போட்டிருக்கா, வரச் சொல்லித்தான் போட்டிருக்கான்னு நான் எடுத்துக்கறேன்.

அவளும் அப்படித்தானுங்களே எடுத்துக்கிட்டா.